டயருக்குள் அடைபடும் சூடு



கொதிக்கிற குழம்பில் எவர்சில்வர் கரண்டியைப் போட்டு வைத்தால் கை சுடும், மரக்கரண்டி சுடாது. உலோகத்தில் சூடு ஓடும், மரத்தில் தவழும். அம்மாமார்கள் அறிந்ததுதான். சரி, சூட்டை விடும் பொருளும் விடாத பொருளும் ஒன்றாகக் கலந்திருந்தால்? அப்படி ஒன்று பள்ளி வாசலிலேயே நிற்கிறது. பஸ் டயரைத்தான் சொல்கிறேன்.

டயர் வெறும் ரப்பர் என்று நினைக்காதீர்கள். லோரி, பஸ் டயர்களுக்குள் மெல்லிய எஃகுக் கம்பிகளை வரிவரியாகப் பதித்திருக்கிறார்கள். எஃகு, ரப்பரைப் போல் 200 மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே கம்பி போகும் திசையில் சூடு சுலபமாகப் பரவும். ஆனால் வெளியே வர வேண்டுமானால், கம்பியை மூடியிருக்கும் ரப்பரைத் தாண்டியாக வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. ஒரே பொருள்தான், நீளவாக்கில் ஒரு நியாயம், குறுக்குவாக்கில் ஒரு நியாயம்!

சூடு எங்கிருந்து வருகிறது? சக்கரம் உருளும்போது ரோட்டில் படும் இடம் நசுங்கி, மறுபடி நிமிர்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கிப் பாருங்கள், மடக்கிய இடம் சுடும். அதே கதைதான். காற்று குறைந்தால் நசுங்கல் அதிகம், சூடும் அதிகம். உள்ளே சேரும் சூட்டில் ரப்பருக்கும் கம்பிக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். அப்புறம் ஒரு நாள் நடுரோட்டில் 'டமார்'!

பெற்றோர்களே, அந்த வண்டியில் இருப்பது நம் பிள்ளைகள். காலையில் வண்டி கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓடி வந்த சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். போதும் என்று ஏமாந்துபோவோம். பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள்பக்க டயரையும் மறக்க வேண்டாம். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று. மரத்துப் பாலில் செய்த ரப்பர், டயருக்குப் போடும் சாதாரண செயற்கை ரப்பரைவிடக் குறைவாகவே சூடேறும். அதனால்தான் கனரக லோரிக்கும் ஆகாய விமானத்துக்கும் செய்யும் டயர்களுக்கு அது இன்றும் வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் மரம் சீவிய கைகள் உலகத்துக்குச் செய்த உதவி அது.

அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகளே! தாத்தா பாட்டி பாலை எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் பால் டயருக்குள் என்ன செய்கிறது, ஏன் சுடுகிறது என்று நீங்கள் கேளுங்கள். கேட்கத் தெரிந்த பிள்ளைதான் நாளைக்கு இதைவிட நல்ல டயரைச் செய்யும்.