கொல்லைப்புறத்தில் ஒரு கோடை

(நாக்பூரில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"மாமி, உங்காத்துத் தோட்டத்தைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டார். "அது மாமா போட்ட தோட்டம், அவரைன்னா கேக்கணும்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது. அவரால் இப்போது பத்து நிமிஷம் தொடர்ந்து பேச முடியாது. அதனால் அவருக்குப் பதிலாக நான் வந்திருக்கிறேன். அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். நான் ஏதாவது தப்பாகச் சொன்னால் கைத்தடியைத் தட்டுவார். நீங்கள் கலவரப்பட வேண்டாம்.

நாங்கள் நாக்பூருக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவருக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் உத்தியோகம். 2006-ல் ஓய்வு பெற்றதும் கொல்லைப்புறத்தில் இறங்கினார். 30 அடிக்கு 20 அடி இடம்தான். வெண்டை, புடல், கொத்தவரை, கீரை, ஓரமாக ஒரு கருவேப்பிலை, இரண்டு செம்பருத்தி. அந்தத் தோட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை பறிப்பதுதான். சமையலறை வாசலிலிருந்து கை நீட்டினால் கருவேப்பிலை. அதற்கு மேல் நான் நடந்ததில்லை.

2024 ஜனவரியில், பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில், இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போய்விட்டது. நாம் பேசுவது எல்லாம் புரியும், ஆனால் பதில் சொல்ல வார்த்தை வராது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். பந்து, பூனை, ஆப்பிள். ரயில் வண்டிகளுக்கு வழி விட்ட மனுஷர் அந்த அட்டைகளை ஒரு பார்வை பார்த்தார். இடது கையால் தள்ளிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

கட்டிலைக் கொல்லைப்பக்க ஜன்னலோரம் மாற்றிப் போட்டோம். வெளிச்சத்துக்காகப் போட்டதுதான். பிப்ரவரியில் செடிகள் ஒவ்வொன்றாகக் காய ஆரம்பித்தபோது, அவர் கண் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை என்பதைப் பார்த்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் தோட்டத்தில் இறங்கிய கதை அதுதான். செடி மேல் ஆசையால் இறங்கவில்லை.

முதல் தப்பு தக்காளி. நாற்றுப்பண்ணையில் பச்சைப்பசேலென்று இருந்ததே என்று 8 நாற்று வாங்கி வந்து நட்டேன். ஏப்ரலில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. பெருமை தாங்கவில்லை. ஆனால் பூவெல்லாம் உதிர்ந்துகொண்டே இருந்தது. பிஞ்சு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால் தக்காளியின் மகரந்தம் வீணாகிவிடும், பூ காயாகாது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. இங்கே ஏப்ரலில் 40 என்பது சர்வ சாதாரணம். நம் ஊர்ப்பக்கத்துக் கோடையை நினைத்துக்கொண்டு இங்கே செடி வைத்தால் இப்படித்தான். விதர்பாவில் தக்காளி குளிர்காலத்துப் பயிர்.

இரண்டாவது தப்பைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஏப்ரல் கடைசி, மத்தியானம் 2 மணி. ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுரைக் கன்றுகளின் இலையெல்லாம் தொங்கிக் கிடந்தன. ஐயோ, தண்ணீர் இல்லாமல் சாகிறதே என்று ஓடி, வெயிலில் கிடந்த கறுப்பு ரப்பர் குழாயை எடுத்துத் திறந்துவிட்டேன். குழாய்க்குள் காலையிலிருந்து நின்ற தண்ணீர் வெந்நீராகக் கொதித்துக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? உள்ளேயிருந்து கைத்தடியால் ஜன்னல் கம்பியை அடிக்கும் சத்தம். திரும்பிப் பார்க்கிறேன்.

"சுடும்! சுடும்!"

மூன்று மாதத்தில் நான் கேட்ட முதல் வார்த்தை. குழாயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். "ஏன்னா, என்ன சொன்னேள்? இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். மறுபடி வரவில்லை. அவர் கண்ணில் தண்ணீர், எனக்கும் தண்ணீர். வெளியே 5 சுரைக் கன்று வெந்து போயிருந்தது.

பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் சொன்னேன். யோசித்துச் சொல்லும் வார்த்தை அடைபட்டுப் போனாலும், பதறிச் சொல்லும் வார்த்தை சில சமயம் தானே வெளியே வந்துவிடும் என்றாள். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அட்டையை விட்டுடலாம் ஆன்ட்டி, தோட்டத்திலேர்ந்து எதையாவது கொண்டு வாங்க" என்றாள். அன்று முதல் ஒரு தட்டில் ஒரு வெண்டைக்காய், ஒரு கொத்தவரை, ஒரு கொத்துக் கருவேப்பிலை. அதை அவர் தள்ளவில்லை.

இன்னொரு விஷயமும் அந்த வாரம்தான் கிடைத்தது. அலமாரியில் மருந்துச் சீட்டைத் தேடும்போது இவருடைய தோட்டத்து டைரி கையில் அகப்பட்டது. 2006 முதல் வருஷா வருஷம் எழுதியிருக்கிறார். எந்தத் தேதியில் எந்த விதை, எப்போது பூத்தது, என்ன பூச்சி, எல்லாம் சிக்னல் பதிவேடு மாதிரி. "தக்காளி - பிப்ரவரியில் கூடாது" என்று அடிக்கோடு போட்டிருந்தது. "மத்தியானம் வாடினால் தண்ணீர் விடாதே, சாயங்காலம் பார்" என்று இன்னொரு பக்கம். உண்மைதான். சுரை, பூசணி இலைகள் உச்சிவெயிலில் தொங்கும், வெயில் இறங்கினால் தானே நிமிரும். சாயங்காலமும் நிமிராவிட்டால்தான் தாகம். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் மாதப் பக்கத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: "மழை வரை உயிர் காக்க வேண்டும். காய் பிறகு."

அதன் பிறகு நான் காயை எண்ணுவதை விட்டேன். உயிர் காக்கும் வேலையை ஆரம்பித்தேன்.

இங்கே கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் வேர் அறுந்துபோகும், விட்ட தண்ணீரும் அதன் வழியே இறங்கிவிடும். வெடிப்புகளில் மக்கிய குப்பையைப் போட்டு நிரப்பி, மேலே மூன்று, நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்குப் போடச் சொல்லியிருந்தார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தெருமுனைக் கரும்புச்சாறு வண்டியில் சக்கை சும்மா கிடைக்கிறதே! இரண்டு மூட்டை கொண்டு வந்து பரப்பினேன். இது மூன்றாவது தப்பு. இனிப்புக்கு எறும்பு வந்தது. எறும்பு வந்த இடத்தில் செம்பருத்தியில் மாவுப்பூச்சி கொழித்தது. பூச்சி சுரக்கும் இனிப்புநீருக்காக எறும்பு அதைக் கட்டிக் காக்குமாம். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பூச்சியை உதிர்த்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளித்தேன். வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும். ஒரு செம்பருத்தி பிழைத்தது, ஒன்று போய்விட்டது. சக்கையை இரண்டு தரம் அலசி, நன்றாகக் காயவைத்துப் போட்டபின் எறும்புத் தொல்லை குறைந்தது. மார்ச்சில் வேப்பமரம் சருகு கொட்டும்போதே அள்ளி மூட்டை கட்டி வைத்திருந்தால் இந்த அவஸ்தையே இல்லை. அதுவும் டைரியில் இருந்தது!

பக்கத்து வீட்டு மராட்டிக் காகு ஒரு உபகாரம் செய்தாள். புது மண்பானையைக் கழுத்து வரை செடிகளுக்கு நடுவில் புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வைக்கச் சொன்னாள. வண்ணம் பூசாத பானையாக இருக்க வேண்டும். தண்ணீர் கசிந்து கசிந்து வேருக்கே போகும். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும். அரிசி களைந்த தண்ணீர், காய் அலம்பிய தண்ணீர் எல்லாம் பானைக்குள் போயிற்று. கீரைப் பாத்திக்கு மேற்கு வெயில் படாமல் என் மாமியாரின் நைந்த ஒன்பது கஜத்தைக் கட்டினேன். அதைப் பார்த்து இவர் சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு, ஒரு பக்கம் மட்டும் கோணிய சிரிப்பு.

மே மாதம் 25 வாக்கில் சூரியன் ரோகிணியில் நுழையும் ஒன்பது நாட்களை இங்கே நவ்தபா என்பார்கள். நம் கத்திரிக்குச் சித்தப்பா. அந்த நாட்களில்தான், 30-ஆம் தேதி, நாக்பூரில் ஒரு தானியங்கி வானிலைக் கருவி 56 டிகிரி காட்டியதாகத் தொலைக்காட்சியில் ஓடியது. புனேயிலிருந்து பிள்ளை பதறிப்போய்க் கூப்பிட்டான். இவர் திரையைப் பார்த்தார். வெராண்டாவில் தொங்கும் வெப்பமானியைக் கையால் காட்டினார். "தப்பு" என்றார். தெளிவாக. கருவியில் கோளாறு என்று வானிலைத் துறை பிற்பாடு அறிவித்தது. எங்களாத்துச் சிக்னல்காரர் முதலிலேயே அறிவித்துவிட்டார்!

புடலங்கொடி அந்த வெயிலிலும் பந்தல் முழுக்கப் படர்ந்தது. ஆனால் பூத்ததெல்லாம் ஆண் பூ. சூடு அதிகமானால், பகல் நீளமானால், இந்தக் கொடிகளில் ஆண் பூதான் பெருகும். பெண் பூ எப்போதாவது ஒன்று. புடலம்பூ சாயங்காலத்துக்கு மேல்தான் மலரும், வெள்ளைச் சல்லா மாதிரி. அதை நாடி வரும் அந்துப்பூச்சியையும் அந்தச் சூட்டில் காணோம். நாமேதான் மகரந்தம் சேர்த்தாக வேண்டும்.

ராத்திரி 8 மணிக்கு ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பறித்த ஆண் பூவுடன் நான் பந்தலடியில். ஜன்னலில் இவர். ஒவ்வொரு பூவாக வெளிச்சம் காட்டுவேன். பூவுக்குப் பின்னால் குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண். "இதுவா?" என்பேன். "இல்லை." "இதுவா?" "இல்லை." "இது?" "ம்... ஆமாம்! ஆமாம்!" அந்தப் பெண் பூவின் நடுவே ஆண் பூவை மெதுவாகத் தடவுவேன். பிஞ்சு பிடித்ததும் பழ ஈ குத்தாமல் இருக்கப் பழைய கொசுவலைத் துண்டைச் சுற்றினேன். கோணாமல் வளர நுனியில் ஒரு கல்லைக் கட்டினேன். தினமும் அரை மணி. ஆமாம், இல்லை, மேலே, கீழே, இடது, போதும். யாரும் பயிற்சி என்று சொல்லவில்லை. அதனால் அவரும் மறுக்கவில்லை.

கணக்குச் சொல்லி முடிக்கிறேன். அந்தக் கோடையில் போனவை: தக்காளி 8, சுரை 5, ஒரு செம்பருத்தி. தினமும் அன்போடு தண்ணீர் விட்டு வேரை அழுகவிட்டதில் கருவேப்பிலையில் பாதி. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால்தான் தண்ணீர் என்று கற்றுக்கொண்டபின் மீதிப் பாதி துளிர்த்தது. வந்தவை: வாரம் இரண்டு நாள் வெண்டை, தட்டாமல் கீரை, 11 புடலங்காய். பத்தைச் சமைத்தோம். பதினோராவது எல்லாவற்றிலும் நீளம். கூட்டுக்கு ஆகும் என்று கத்தியோடு போனேன். தடி தட்டும் சத்தம். "விதைக்கு" என்றார். ஒரே வார்த்தை. விட்டுவிட்டேன். ஜூனில் மழை இறங்கியபோது அது செக்கச்செவேலென்று பழுத்து வெடித்தது.

இவர் பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. திரும்பும் என்று டாக்டரும் சத்தியம் செய்யவில்லை. இன்றைக்கு ஒரு சின்ன வாக்கியம் சொல்வார், நாளைக்கு அதே வாக்கியம் வராது. முதல் மாதங்களில் "எப்போ சரியாகும்?" என்று எல்லோரையும் கேட்டு நச்சரித்தேன். இப்போது கேட்பதில்லை. வெந்துபோன சுரைக்குப் பக்கத்திலேயே ஒரு கொடி படரத்தான் செய்கிறது. உங்களில் பல வீடுகளில் இப்படி ஒரு கட்டில் இருக்கும். அந்தக் கட்டிலிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று ஒரு தரம் நீங்களும் அதில் படுத்துப் பாருங்கள். தோட்டம்தான் வேண்டும் என்பதில்லை. அவருக்கு எதைப் பார்த்தால் கோபம் வருமோ, அதை அங்கே வையுங்கள்.

வாசலில் சின்னச் சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். அந்தப் பதினோராவது புடலையின் விதையைத்தான் 2025-லும் போட்டோம். அதிலிருந்து எடுத்த விதை இது. ஆளுக்கு நான்கு. தோல் கெட்டி, ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள். பால்கனியில் பெரிய தொட்டியானாலும் போதும், பந்தலுக்குக் கயிறு கட்டிக் கொடுத்தால் ஏறிக்கொள்ளும்.

இதோ, தடி தட்டுகிறார். என்னன்னா? ... "கல் கட்டணும்" என்கிறார். ஆமாம், நுனியில் கல் கட்ட மறக்காதீர்கள். அதை நான் முன்பே சொன்னேன், இருந்தாலும் அவர் சொன்னதாகவே இருக்கட்டும்.