ஊர்க் கணக்கும் தரவு மையமும்
(திருவேங்கடத்தில் பஞ்சாயத்து உறுப்பினரிடையே ஆற்றிய உரை)

1980 வரை கர்ணத்தின் கையிலிருந்த கிராமக் கணக்கு, இன்று தொலைவிலுள்ள தரவு மையத்தில் இருக்கிறது. நம் பட்டாவும் சிட்டாவும் அங்கேதான் உள்ளன.

அம்மையத்தின் கணினிகள் இரவு பகலாக இயங்கி வெப்பத்தை உமிழ்கின்றன. உலகச் சராசரியில், கணினிக்கு 1 யூனிட் மின்சாரம் செலவானால், குளிர்விப்பு முதலியவற்றிற்கு மேலும் ஏறத்தாழ அரை யூனிட் செலவாகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலவாமல் தடுத்தாலே இச்செலவு குறையும். பல மையங்கள் தண்ணீரையும் செலவிடுகின்றன. அதன் அருமையைக் கரிசல் நிலத்தாராகிய நாம் அறிவோம்.

2015 டிசம்பரில் சென்னையின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. ஆகவே, கணக்கின் நகல் வேறோர் ஊரிலும் இருத்தல் வேண்டும். விதைத் தானியம் முழுவதையும் ஒரே குலுக்கையில் நாம் இடுவதில்லையன்றோ?

நம் கடமையும் உண்டு. பஞ்சாயத்துக் கணினியின் கடவுச்சொல்லைப் பிறருக்குச் சொல்லலாகாது. குழாய் பதிக்கத் தோண்டுமுன், கண்ணாடி இழைக் கம்பி செல்லும் தடத்தைக் கேட்டறிய வேண்டும். ஆண்டுக்கொருமுறை நம் பட்டாவைப் பார்த்து, பிழையிருப்பின் வட்ட அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும். கணக்கு எங்கிருப்பினும், நிலம் நம்முடையது, விழிப்பும் நம்முடையதாகுக!