அலாரம் அடிக்காத வாரம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கட்டடத்துக்குள் உறைகுளிரையும் நீர்க்கசிவையும் வயர்லெஸ் சென்சாரால் கண்டுபிடிப்பது பற்றிப் பேசுகிறேன் என்றதும், விழாக்குழு அண்ணன் ஒருவர் சிரித்தார். "தம்பி, ராஜபாளையம் வெயில்ல எதுப்பா உறையப் போகுது?" என்றார். நியாயமான கேள்விதான்.

குளிர் நாடுகளில் குழாய்த் தண்ணீர் உறையும். உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், குழாய் வெடிக்கும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் மின்சாரம் நின்றபோது பல வீடுகளில் இதுதான் நடந்தது. நம் ஊரில் உறைவது குழாய் அல்ல, தடுப்பூசி மருந்து.

அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். வெயிலுக்கும் பவர்கட்டுக்கும் பயந்து நாம் ஃபிரிட்ஜின் குளிரைக் கூட்டி வைத்துவிடுகிறோம். ஹெபடைடிஸ்-பி, பென்டாவேலன்ட் போன்றவை ஒரு தடவை உறைந்தாலே கெட்டுவிடும். உருகிய பிறகு பார்த்தால் சட்டென்று தெரியாது. பிள்ளைக்கு ஊசி போட்ட தாய், இனிப் பயமில்லை என்று நம்பி வீட்டுக்குப் போவாள்.

இதைக் கண்காணிக்கத்தான் மத்திய சுகாதார அமைச்சகம், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு, 2015-ல் 'ஈவின்' திட்டத்தைத் தொடங்கியது. குளிர்பெட்டிக்குள் ஒரு சென்சார்; அதோடு சிம் கார்டு போட்ட ஒரு கருவி. குளிர் எல்லை தாண்டினால் பொறுப்பாளருக்கு எஸ்.எம்.எஸ். போகும்.

அதைப் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நண்பரின் மருந்துக் கடைக்கு நானும் ஒன்று செய்து கொடுத்தேன். முதலில், இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து ரேடியோ அலை வெளியே வரத் திணறியது. ரேடியோவை வெளியே வைத்து, சென்சாரை மட்டும் உள்ளே விட்டேன். அடுத்து, கதவைத் திறந்தபோதெல்லாம் அலாரம் அடித்தது. சென்சாரைக் கிளிசரின் பாட்டிலுக்குள் செருகினேன், அடங்கியது.

மூன்றாவது பாடம்தான் வலித்தது. ஒரு வாரம் மெஸேஜே வரவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் பேட்டரி தீர்ந்து கிடக்கிறது. பின்சுவரை ஒட்டியிருந்த மருந்தெல்லாம் பனிக்கட்டி! நண்பர் திட்டவில்லை. அந்த வாரம் யாருக்காவது விற்றோமா என்று பில் புத்தகத்தைப் புரட்டினார். விற்கவில்லை. ஆனால் அவர் புரட்டி முடிக்கும்வரை எனக்குக் கை நடுங்கியது.

மௌனம் சம்மதம் என்பார்கள். சென்சாருக்கு அது செல்லாது. இப்போது என் கருவி மணிக்கொரு தடவை "இருக்கிறேன்" என்று சொல்லும். இரண்டு தடவை சொல்லாவிட்டால் அதுவே அலாரம்.

கசிவுக்கும் இதே விதிதான். ராஜபாளையத்துப் பஞ்சு குடோனில் இரண்டு வெறுங்கம்பிகளைத் தரையில் ஓட்டினால் போதும். ஈரம் பட்டால் மின்சாரம் பாயும், செய்தி வரும். ஆனால் கம்பி அறுந்தாலும் அது 'ஈரமில்லை' என்றே காட்டும். ஆகவே இரண்டு கம்பிகளின் கடைக்கோடியையும் ஒரு ரெசிஸ்டரால் இணையுங்கள். எப்போதும் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் கம்பி அறுந்தது என்று அர்த்தம்.

தம்பி தங்கைகளே, இதை ப்ராஜெக்டாகச் செய்யுங்கள். மார்க் வாங்கியதும் மூட்டை கட்டிவிடாமல், ஒரு கோடை முழுக்க ஒரு கடையில் ஓடவிட்டுப் பாருங்கள். எது வேலை செய்கிறது என்பதை விட, எது வேலை செய்யாமல் சும்மா இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என்ஜினீயருக்கு வேலை.