கழுத்திலா, மார்பிலா?



நாயை வளர்க்கிறோம் என்று சொல்லி எந்நேரமும் கட்டியே போட்டு, நடக்கக் கூட்டிப் போகாமல் இருந்தால் அது சட்டப்படி குற்றம். 1960-ஆம் ஆண்டு வந்த பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அளவுக்கு மீறிக் கனமான அல்லது குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் அதே பிரிவில் வரும். மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து இந்தச் சட்டத்துக்கு வழி திறந்தவர், கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். சட்டம் வந்தபின் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியத்தின் தலைமை அலுவலகம் பல ஆண்டுகள் நம் சென்னையில், திருவான்மியூர் வால்மீகி நகரில் இருந்தது. பக்கத்துக் கொட்டிவாக்கத்தில் இருக்கும் நாம் நடந்தே போய்விடக்கூடிய தூரம். பிறகுதான் அது ஹரியானாவுக்குப் போனது.

ஆக, நாயை நடக்கக் கூட்டிப் போவது நம் பொறுப்பு. எதை மாட்டிக் கூட்டிப் போவது? கழுத்தில் மாட்டும் பெல்ட் ஒரு வகை. மார்பையும் விலாவையும் சுற்றிவரும் ஹார்னஸ் இன்னொரு வகை. பாடி பெல்ட் என்று கேட்டாலும் கடையில் எடுத்துத் தருவார்கள். நாய் திடீரென்று பாய்ந்தால் அந்த இழுப்பு அதன் உடம்பில் எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கழுத்தின் முன்பக்கத்தில் மூச்சுக்குழாய் இருக்கிறது. அதை ஒட்டித் தைராய்டு சுரப்பி. பக்கவாட்டில் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள். இங்கிலாந்தின் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு செயற்கைக் கழுத்தில் பலவகைப் பெல்ட்டுகளை மாட்டி இழுத்து, அழுத்தத்தை அளந்தார்கள். 2020-இல் முடிவு வெளியானது. மெத்தை வைத்த பெல்ட்டும் அதில் உண்டு. பலமாக இழுத்தால் காயம் வராது என்று நம்பிச் சொல்ல ஒரு பெல்ட்கூட அகப்படவில்லை. 2006-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கண்ணைப் பார்த்தது. கழுத்துப் பெல்ட்டோடு இழுத்தபோது கண்ணுக்குள் அழுத்தம் ஏறியது. ஹார்னஸோடு இழுத்தபோது அப்படி ஏறவில்லை.

பிதுங்கிய கண்ணும் சப்பை மூக்கும் உள்ள பக் நாய்க்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. பொமரேனியன் போன்ற குட்டி இனங்களில் மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகிற நோய் உண்டு. கயிறு இழுபட்டதும் விடாமல் இருமுகிற நாய்க்கு அன்றைக்கே கழுத்துப் பெல்ட்டில் கயிறு மாட்டுவதை நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

வண்டி மாட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாரம் முழுவதும் திமிலுக்கு முன்னால் நுகத்தடியில் விழும். தொண்டையைச் சுற்றி வரும் பூட்டாங்கயிறு மாடு விலகாமல் பிடித்துவைக்க மட்டும்தான். நாய்க்கும் அதுவே கணக்கு: இழுப்பை மார்பு தாங்கட்டும், கழுத்துப் பெல்ட்டில் உங்கள் தொலைபேசி எண் பொறித்த வில்லை தொங்கட்டும். தீபாவளி வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடிய நாய் வீடு திரும்ப அந்த எண்தான் உதவும்.

சரி, எந்த ஹார்னஸ்? முன்னங்கால் தோள் மூட்டின் குறுக்கே பட்டி ஓடுகிற வகை வேண்டாம். நாய் காலை நீட்டி வைக்கச் சிரமப்படலாம். மார்பு எலும்பில் இறங்கிக் கால்களுக்கு நடுவே போகிற வகையைக் கேளுங்கள். கயிறு மாட்டும் வளையம் முதுகில் மட்டும் இருந்தால், இழுத்துப் பழகிய நாய் முழு பலத்தோடு நம்மை இழுத்துப் போகும். லாப்ரடார், ராஜபாளையம் போன்ற பலசாலிகளுக்கு மார்பிலும் வளையம் வேண்டும். அதில் கயிற்றை மாட்டினால், நாய் பாய்ந்ததும் அதன் உடம்பு நம் பக்கம் திரும்பும். வேகம் தானே குறையும். எந்த வகை ஹார்னஸும் தோள் அசைவைச் சற்றுக் குறைக்கலாம் என்று ஆய்வு சொல்கிறது. அதனால் வீடு வந்ததும் கழற்றிவிடுங்கள். இழுத்தால் இறுகிக்கொண்டே போகும் செயினும், உள்பக்கம் முள் வைத்த செயினும் எந்த நாய்க்கும் வேண்டாம்.

நம் நாட்டு இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் தனி ரகம். ஓடுவதற்கென்றே வாய்த்த உடம்பு. தலை குறுகல், கழுத்து பருமன். சாதாரண பெல்ட் காதைத் தாண்டி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மார்பு ஆழம், இடுப்பு ஒடுக்கம். பின்வாங்கினால் சாதாரண ஹார்னஸிலிருந்தும் நழுவிவிடும். இவற்றுக்கு விலாவுக்குப் பின்னால் மூன்றாவது பட்டி உள்ள ஹார்னஸ் பொருந்தும். கழுத்தில்தான் மாட்டுவேன் என்பவர்கள் மார்ட்டிங்கேல் என்ற அகலப் பெல்ட்டைக் கேளுங்கள். அது ஓரளவு மட்டும் இறுகி நின்றுவிடும்.

இனி நம் ஊர்க் காற்றைப் பற்றி. கடலோரத்தில் உப்பு எதையும் விடாது. இரும்புக் கொக்கி துருப்பிடித்தால் பாயும் நாயைத் தாங்காது. பித்தளை அல்லது எவர்சில்வர் கொக்கியாகப் பாருங்கள். தோல் பட்டை கடல் நீர் பட்டு விறைத்து, நாயின் தோலை உரசும். நைலான் பட்டையை நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரப் பட்டையின் அடியில் புண் வரும், உண்ணியும் பதுங்கும். வாரம் ஒருமுறை அக்குளைத் தடவிப் பாருங்கள். பட்டிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வளர வளர அளவு மாறும்.

கடற்கரைக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒன்று. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில், மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவில் நடந்து அந்தக் கூடுகளைத் தேடிக் காக்கிறார்கள். மணலைத் தோண்டிக் கூட்டைக் கலைக்க ஒரு நாய்க்கு அதிக நேரம் ஆகாது. இருட்டில் அங்கே கயிற்றை அவிழ்த்துவிடாதீர்கள். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்ததையும் இந்த நகரம் மறக்கவில்லை. ஆறடிக் கயிறு போதும். நீண்டு சுருங்கும் தானியங்கிக் கயிறு, வண்டிகள் பறக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துக்கு ஆகாது.

கடைசியாக ஒரு சோதனை. ஹார்னஸை மாட்டிவிட்டு நாயின் முகத்துக்கு நேரே நின்று, கயிற்றை உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். நாய் பின்வாங்கும். தலை வழியே பட்டி நழுவினால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். இதை வாசல் கேட்டைத் திறப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். திறந்த பிறகு செய்தால் நடைப்பயிற்சி ஓட்டப்பந்தயமாகிவிடும்.