சம்பளம் போடும் கணிப்பொறிக்கு யார் பொறுப்பு?



தோட்டங்களில் கிராணியார் செக்ரோலைப் பிரித்து வைத்துக்கொண்டு பேர்க்கணக்கைக் கூட்டிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு நாள் பேர் விடுபட்டுப் போனால் மறுநாள் காலையிலேயே பெரட்டில் போய்க் கேட்டுவிடலாம். இப்பொழுது பல இடங்களில் அந்தக் கணக்கைக் கணிப்பொறி போடுகிறது. அது தவறினால் யாரைக் கேட்பது? ஆஸ்திரேலியாவிலுள்ள குவீன்ஸ்லாந்து மாநிலத்துக்கு இந்தக் கேள்வி மிகப் பெரிய செலவாக வந்து முடிந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அம்மாநிலத்தின் சுகாதார இலாகாவில் தாதியர், மருத்துவர், சமையற்காரர், துப்புரவுத் தொழிலாளர் என்று சுமார் 78,000 பேர் வேலை செய்தார்கள். இரவு வேலைக்கு ஒரு விகிதம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விகிதம், அதன்மேல் பலவகைப் படிகள். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சம்பளம் கணக்கிடும் வகைகள் 24,000-க்கு மேல் போயின. பழைய கணிப்பொறி முறை தேய்ந்துபோனதால், புதியது அமைக்க மாநில அரசாங்கம் 2007-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐபிஎம் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. சுகாதார இலாகாவின் சம்பள வேலைக்கு முதலில் பேசிய தொகை 60 லட்சம் ஆஸ்திரேலிய வெள்ளிக்குச் சற்று அதிகம்.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டும். ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தது 'கார்ப்டெக்' என்னும் அரசாங்கக் கணிப்பொறிப் பிரிவு. வேலையைச் செய்தது நிறுவனம். அந்தச் சம்பள முறையோடு வாழவேண்டியதோ சுகாதார இலாகா. வீட்டுக்குக் காசு கொடுப்பவர் ஒருவர், கட்டுகிறவர் ஒருவர், குடியிருப்பவர் இன்னொருவர் என்றால் கூரை ஒழுகும்போது யார் ஏறிப் பார்ப்பது? என்னென்ன தேவை என்பதைக்கூட முழுமையாக எழுதி முடிக்கவில்லை. தொடங்கும் தேதி பலமுறை தள்ளிப்போனது. கடைசியில், குறைகள் இருப்பது தெரிந்தும், எல்லாருடைய சம்பளத்தையும் பழைய முறையிலும் புதிய முறையிலும் போட்டு ஒப்பிட்டுப் பாராமலே, 2010 மார்ச்சில் புதியதை ஓடவிட்டார்கள்.

சம்பள நாள் வந்தது. சிலருக்குக் குறைவு, சிலருக்கு ஒன்றுமே இல்லை, சிலருக்கு அதிகம். அதிகம் வாங்கியவர் அதிர்ஷ்டசாலி என்று நினைக்காதீர்கள். வீட்டுச் செலவில் கரைந்துபோன அந்தப் பணத்தைப் பிறகு திருப்பிக் கேட்டார்கள். குறைவாக வந்ததைவிட இதுவே கொடுமை என்று எனக்குத் தோன்றுகிறது. தவறுகளைக் கையால் திருத்த நூற்றுக்கணக்கான எழுத்தர்களைக் கூடுதலாக வைக்கவேண்டியதாயிற்று. வேலையைக் குறைக்க வந்த இயந்திரம் இது!

அந்த முறையைத் திருத்தி, 2017 வரை நடத்தும் செலவையும் சேர்த்து, 2012-இல் ஒரு மதிப்பீடு செய்தார்கள். 120 கோடி வெள்ளிக்கு மேல் வந்தது. எல்லாம் மக்கள் கட்டிய வரிப்பணம்.

மேற்பார்வை இல்லாமலில்லை. மாநிலத் தலைமைக் கணக்காய்வாளர் 2010-லேயே, யாருக்கு என்ன பொறுப்பு என்பது தெளிவாக இல்லை என்று சுட்டிக்காட்டினார். ஆனால் அந்த அறிக்கை வந்தது சம்பளம் குழம்பிய பிறகு. 2013-இல் முன்னாள் நீதிபதி ரிச்சர்ட் செஸ்டர்மன் தலைமையில் விசாரணை நடந்தது. அந்நாட்டு அரசாங்க நிர்வாகத்தின் மிக மோசமான தோல்விகளுள் இது ஒன்று என்று அவர் எழுதினார். அரசாங்கம் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது, அதுவும் நிற்கவில்லை. நிறுவனத்தின்மேல் உரிமை கோருவதில்லை என்று 2010-லேயே அரசாங்கம் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டிருந்தது.

அதன்பின் ஒரு நல்ல வேலை நடந்தது. 2013 முதல் குவீன்ஸ்லாந்து அரசாங்கம் தன் கணிப்பொறித் திட்டங்களின் செலவையும் நிலையையும் பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் குறியிட்டு, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடத் தொடங்கியது. சிவப்பு விழுந்த திட்டத்தைப் பற்றிச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க, இனிச் சம்பள நாள்வரை காத்திருக்கவேண்டியதில்லை.