தருமரின் தேரும் பாலடினின் வாளும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதை வேணும்னாலும் பேசுங்க சார், அறிவுரை மட்டும் வேண்டாம், பசங்க எழுந்து போயிடுவாங்க" என்று செயலாளர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். ஆகவே இன்று ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் அந்த விளையாட்டில் உள்ள ஒரே ஒரு விதியைப் பற்றி.

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றொரு ஆட்டத்தை வெளியிட்டார்கள். தாயம் மாதிரி கட்டமும் காயும் வைத்து முன்னே போகிற ஆட்டம் இல்லை இது. தாள், பென்சில், பல முகங்கள் கொண்ட பகடைகள், நாலைந்து நண்பர்கள், ஒரு மேஜை. ஒவ்வொருவரும் ஒரு வேடம் ஏற்க வேண்டும். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். கதையை நடத்திச் செல்பவருக்கு மாஸ்டர் என்று பெயர். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் இது உட்கார்ந்தபடி ஆடுகிற தெருக்கூத்து. மாஸ்டர்தான் கட்டியங்காரன். ஒரே வித்தியாசம், அடுத்த காட்சி என்னவென்று அவருக்கும் முழுசாத் தெரியாது.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு வேடத்துக்கும் 'அலைன்மென்ட்' என்று ஒன்று உண்டு. நெறிச்சார்பு என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை என்று மூன்றுதான் இருந்தன. பிறகு நன்மை, தீமை என்ற இன்னொரு அளவுகோலும் சேர்ந்தது. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் அது ஒன்பது கட்டங்களாக ஆகிவிட்டது. சட்டத்தை மதிக்கும் நல்லவன் ஒரு கட்டம். சட்டத்தை மதிக்கும் கெட்டவன் இன்னொரு கட்டம். சிரிக்காதீர்கள், அப்படிப்பட்டவர்களை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இனி நம் கதாநாயகருக்கு வருகிறேன். அவர் பெயர் பாலடின். சார்லமேன் மன்னனின் பன்னிரு வீரர்களைக் குறித்த பழைய சொல் அது. ஆட்டத்தில் அவர் ஒரு புனித வீரர். கை வைத்தால் காயம் ஆறும், நோய் அவரை அண்டாது. 1975இல் இந்த வேடம் அறிமுகமானபோதே ஒழுங்கின் பக்கம் நிற்பவர்தான் இதை ஏற்கலாம் என்றார்கள். 1978இல் பிடி இன்னும் இறுகியது. சட்டத்தை மதிக்கும் நல்லவன் என்ற ஒரே கட்டத்தில்தான் பாலடின் நிற்க வேண்டும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தானம் செய்ய வேண்டும். நல்லவர்களோடு மட்டுமே சேர வேண்டும். தெரிந்தே ஒழுங்கு மீறினால் உயர்நிலைப் பூசாரியிடம் சொல்லிப் பிராயச்சித்தம் செய்ய வேண்டும். தெரிந்தே தீமை செய்தாலோ புனிதம் போயே போச்சு. மறுபடி கிடைக்காது. அதன்பின் அவர் சாதாரணப் படைவீரர்.

"இது என்ன சார், வெள்ளைக்காரன் கதை, நமக்கு எதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். நம் மாவட்டத்தில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த யாரும் அப்படிக் கேட்க முடியாது. குருக்ஷேத்திரத்தில் தருமரின் தேர் தரையில் படாமல் நாலு விரற்கடை உயரத்தில் ஓடியது. பொய் சொல்லாதவர் என்பதால் அந்தச் சிறப்பு. துரோணரை வீழ்த்த, அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்தார். அந்தக் கணமே தேர் தரையைத் தொட்டது. கைகாக்ஸ் எழுதிய விதி இந்தக் காட்சியில் அப்படியே இருக்கிறது.

ஆனால் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பாருங்கள். தருமர் பட்டத்தை இழக்கவில்லை, போரை விட்டு விலகவுமில்லை. கடைசியில் சொர்க்கம் போகும்போது சிறிது நேரம் நரகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. துரோணரை வஞ்சனையால் ஏமாற்றியதற்கு வஞ்சனையாலேயே காட்டப்பட்ட நரகம் அது என்று இந்திரன் சொல்கிறான். தவறுக்கு விலை உண்டு, ஆனால் அந்த விலைக்கு ஓர் அளவும் உண்டு.

இது ஏன் முக்கியம்? பெங்களூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் என் மகளும் கல்லூரித் தோழர்களும் இந்த ஆட்டம் ஆடுவார்கள். ஒருநாள் பெரிய சண்டை. மகள் பாலடின். தானியக் குதிருக்குள் ஒரு குழந்தையை ஒளித்து வைத்திருக்கிறாள். கொல்ல வந்த படைவீரர்கள் "குழந்தை எங்கே?" என்று கேட்கிறார்கள். "இங்கே யாரும் இல்லை" என்றாள். மாஸ்டராக இருந்த பையன், "பொய் சொல்லிட்டே, உன் சக்தி எல்லாம் போச்சு" என்று அவள் தாளிலிருந்து அழித்துவிட்டான். அவள் தாளைச் சுருட்டி வைத்துவிட்டு இறங்கி வந்து, "அப்பா, நீங்களே சொல்லுங்க, நான் உண்மையைச் சொல்லியிருந்தா நல்லவளா?" என்று கேட்டாள்.

அந்தப் பையனும் கெட்டவன் இல்லை. பழைய புத்தகத்தில் இருந்ததைச் செய்தான். ஆனால் வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் உண்மைக்கு இலக்கணம் சொல்லும்போது, யாருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்கிறார். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் அந்த வரிசையில் உட்காரலாம் என்றும் இடம் கொடுக்கிறார். தருமர் ஒருவரைக் கொல்வதற்காகச் சொன்னார். என் மகள் ஒரு குழந்தையைக் காப்பதற்காகச் சொன்னாள். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் அந்தக் கட்டத்துக்கு அர்த்தம் இல்லை.

ஆட்டத்தை எழுதியவர்களும் காலப்போக்கில் மாறினார்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு வரை பழைய கட்டுப்பாடு இருந்தது. 2008இல் நான்காம் பதிப்பு, பாலடின் தான் வணங்கும் தெய்வத்தின் சார்போடு ஒத்துப்போனால் போதும் என்றது. 2014இல் ஐந்தாம் பதிப்பு கட்டத்தையே எடுத்துவிட்டு அங்கே சபதத்தை வைத்தது. பக்திச் சபதம், இயற்கையின் ஒளியைக் காக்கும் தொன்மைச் சபதம், பழிதீர்க்கும் சபதம் என்று கையேட்டில் மூன்று. நீ எப்படிப்பட்டவன் என்று கேட்பதை விட்டு, எதற்கு வாக்குக் கொடுத்தாய் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பழிதீர்க்கும் சபதம் என்றவுடன் நமக்குப் படுகளம் நினைவுக்கு வர வேண்டும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்து, அவன் தொடை பிளந்த பிறகுதானே பாஞ்சாலி கூந்தல் முடிக்கிறாள்! அவளை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? கட்டத்தில் அடங்க மாட்டாள், ஆனால் சபதத்தில் அடங்குவாள்.

நம்ம ஊர் நடுகல்லும் இதையேதான் சொல்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள், நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற அவசரத்தில் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டோம். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கும் தமிழ்நாட்டில் கல் உண்டு, ஆநிரை கவரப் போய் விழுந்தவனுக்கும் கல் உண்டு. எந்தப் பக்கம் நின்றான் என்பதைவிட ஏற்ற கடமையில் நின்றானா என்பதே கேள்வி. பக்கத்துச் செங்கம் பகுதியில், எடுத்தனூரில், எசமானன் விழுந்த இடத்தில் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயைக்கூடக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது.

அப்படியென்றால் சபதம் இருந்தால் போதுமா? போதாது. பீஷ்மரைப் பாருங்கள். சபதம் தவறாதவர், அதனாலேயே சபையில் திரௌபதி கதறும்போது வாய் மூடி இருந்தார். கண்ணனோ ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று சொன்னவன், அதே பீஷ்மரின் அம்பிலிருந்து அர்ச்சுனனைக் காக்கச் சொல்லை மீறிப் பாய்ந்தான். ஒழுங்கு வேறு, நன்மை வேறு. ஒன்று இருப்பதால் மற்றது இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதை விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிட முடியாத மாவட்டம் நம்முடையது. 1992 ஜூன் 20 அன்று அரூர் பக்கம் வாச்சாத்தி கிராமத்துக்குள் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். ஊரைச் சூறையாடினார்கள், அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வந்தவர்கள் சட்டத்தின் பெயரால் வந்தவர்கள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று, தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. சீருடை யாரையும் நல்லவர் ஆக்கிவிடாது என்பதற்கு நமக்குப் பாரதம்கூட வேண்டாம், வாச்சாத்தி போதும். அதே சட்டத்தை நம்பி அத்தனை வருஷம் பின்வாங்காமல் நின்ற அந்த ஊர் மக்களிடம்தான் ஒழுங்கும் நன்மையும் ஒன்றாக இருந்தன.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் நாளை காவல்துறையில் சேர்வீர்கள், வாத்தியார் ஆவீர்கள், நர்ஸாக, வனக்காவலராக, கிராம நிர்வாக அலுவலராகப் போவீர்கள். பல வேலைகளில் உறுதிமொழி உண்டு. ஆகவே அந்த மொட்டைமாடிப் பிள்ளைகளிடம் சொன்ன மூன்றை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, புனித வீரருக்குக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். கட்டுப்பாடே இல்லாவிட்டால் அவர் வாள் வைத்திருக்கும் இன்னொரு ஆள், அவ்வளவுதான். இரண்டு, அந்தக் கட்டுப்பாடு ஆட்டம் தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொன்ன சபதமாக இருக்கட்டும். நடுவில் மாஸ்டர் தன் இஷ்டத்துக்குக் கண்டுபிடிக்கும் விதியாக இருக்கக் கூடாது. மூன்று, தவறினால் விலை இருக்கட்டும், அளவோடு இருக்கட்டும், சிறு தவறுக்குத் திரும்பி வரும் வழியும் இருக்கட்டும். தெரிந்தே பிறரை நசுக்கியவனுக்கு மட்டும் 1978இன் பழைய விதியே சரி.

பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள். மறுவாரம் என் மகள் தன் சபதத்தைத் தாளின் மேலேயே எழுதிக்கொண்டு போனாள்: "ஒளிந்தவரைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்." அந்தப் பையன் அதைப் படித்துவிட்டு, "அப்போ குதிருக்குள்ளே ஒரு திருடன் ஒளிஞ்சா?" என்று கேட்டானாம். அன்று மாலை முழுக்க அதே ஆட்டம்.

அறிவுரை வேண்டாம் என்ற செயலாளர் முறைப்பது தெரிகிறது. சாப்பாடு ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.