வேலூர் டாக்டர் அம்மா

(நமது சங்கத்தின் மகளிர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொல்கத்தாவில் குடியிருக்கும் தமிழர்கள் எல்லோரும் ஒரு கேள்வியைச் சந்தித்திருப்போம். "தாதா, வேலூர் போகணும், அங்கே உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" என்று பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பத்தார் கேட்பார்கள். காட்பாடிக்கு எந்த ரயில், தங்குவதற்கு எந்த லாட்ஜ் என்பதெல்லாம் நம்மைவிட அவர்களுக்கு அத்துபடி. அந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர் என்ற பெண்மணி. அது உண்டானதில் நம்மவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. ஆனால் அது நாம் பெருமைப்படக்கூடிய பங்கு அல்ல. அதனால்தான் அதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஸ்கடர் குடும்பம் வடஆற்காடு ஜில்லாவுக்குப் பழைய குடும்பம். ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, முதலில் இலங்கையிலும் பின்னர் சென்னையிலும் வைத்தியம் பார்த்தார். அவருடைய பிள்ளைகள் ஆற்காடு பகுதியில் பணியைத் தொடங்கினார்கள். ஐடா 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். 1876-78 பெரும் பஞ்சத்தில் பசியால் குழந்தைகள் மடிவதைச் சிறு வயதிலேயே கண்ணால் பார்த்தார். அதன்பின் அமெரிக்காவில் படிப்பு. இந்தியாவே வேண்டாம் என்பதுதான் அப்போது அவருடைய தீர்மானம். தாயார் நோயுற்றதால் 1890-ல், சிறிது காலத்துக்கு என்று எண்ணித் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவு நடந்ததை அவரே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். முதலில் ஒரு பிராமணர் கதவைத் தட்டினார். இளம் மனைவி பிரசவ வேதனையில் தவிக்கிறாள், வந்து உதவ வேண்டும் என்றார். "நான் டாக்டர் இல்லை, என் அப்பா டாக்டர், அவர் வருவார்" என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதா என்று அவர் மறுத்துவிட்டுத் திரும்பினார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். பிறகு மற்றொரு ஹிந்து. மூவருக்கும் அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

அந்த பிராமணர் மனைவியிடம் பிரியம் இல்லாதவர் அல்லர். பிரியம் இல்லாதவர் நள்ளிரவில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார். உதவி வாசல்வரை வந்தும் அதை ஏற்க ஆசாரம் விடவில்லை. சென்னையிலோ 1885 முதலே கோஷாப் பெண்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி இருந்தது. திண்டிவனத்தில் அப்படி ஒன்று இல்லை.

ஐடா அவர்களோடு வாதாடவில்லை, திட்டவும் இல்லை. அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-ல் வேலூர் வந்து, தகப்பனார் பங்களாவின் ஒரு சிறு அறையில் வைத்தியம் தொடங்கினார். அதே ஆண்டு தகப்பனாரும் காலமானார். 1902-ல் 40 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. வர இயலாதவர்களைத் தேடி மாட்டு வண்டியிலும், பிறகு மோட்டார் காரிலும் சென்று, சாலையோர மரத்தடியில் மருந்து கொடுத்தார்.

ஒரு டாக்டரால் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? இந்தக் கணக்கை அவர் சீக்கிரமே போட்டுவிட்டார். 1909-ல் நர்ஸ் பள்ளி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. நம் நாட்டுப் பெண்களே டாக்டராக வந்தால் எந்த வீட்டுக் கதவும் திறக்கும் என்பது அவர் எண்ணம். 1930-களின் இறுதியில் மாகாண அரசு எல்.எம்.பி. படிப்பை நிறுத்த முடிவு செய்தபோது பள்ளியே மூடப்படும் அபாயம் வந்தது. எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்த்தப் பெரும் பணம் தேவை. எழுபது வயதில் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அவருக்குப்பின் பொறுப்பேற்றவர் விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ். ஓய்வுக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்த ஐடா 1960 மே மாதம், எண்பத்தொன்பதாவது வயதில் காலமானார்.

"மதம் பரப்ப வந்தவர்கள்தானே?" என்று சிலர் கேட்கலாம். ஆம், அவர்கள் அதை மறைத்ததும் இல்லை. அதில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அந்த இரவில் அந்தப் பெண்களுக்கு நாம் என்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தோம் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

எங்கள் பூர்வீகம் வந்தவாசிக்குப் பக்கத்துக் கிராமம். என் தகப்பனாரின் தமக்கை 1938-ல் தலைப்பிரசவத்தில் இறந்துபோனார். வயது பதினேழு. நான் பிறப்பதற்கு முன் நடந்தது, பாட்டி சொல்லிக் கேட்டது. "ரெண்டு நாள் துடிச்சா, மருத்துவச்சியும் கையை விரிச்சுட்டா" என்பாள் பாட்டி. வேலூரில் பெண் டாக்டர்கள் இருந்த காலம் அது. அங்கே கொண்டுபோகலாம் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திண்டிவனத்தில் வாசல்வரை வந்து திரும்பினார்கள். எங்கள் வீட்டில் வாசலைத் தாண்டவே இல்லை. டாக்டர் வந்துவிட்டால் மட்டும் போதாது, வீட்டார் மனமும் மாற வேண்டும் என்பதை விஞ்ஞானம் படித்த நான் பாட்டியிடம்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது காலம் மாறிவிட்டது. நம் பெண்களே டாக்டர்களாக இருக்கிறார்கள். இருந்தாலும் தாய்மார்களைக் கேட்கிறேன்: மார்பில் ஒரு கட்டி தென்பட்டால் உடனே சொல்கிறீர்களா? "பேத்தி கல்யாணம் முடியட்டும்", "பிள்ளைக்கு எதற்குச் சிரமம்" என்று எத்தனை மாதம் தள்ளிப்போடுகிறீர்கள்? ஆண்களையும் கேட்கிறேன்: கேட்டாலும் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தும் நாம் கேட்காமலே இருந்துவிடுகிறோமே, ஏன்?

நம் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை, பெண் டாக்டர்களை அழைத்து, மூத்த பெண் உறுப்பினர்களுக்கு மருத்துவப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும் என்று காரியக் கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் முகாமின் செலவில் என் பென்ஷனிலிருந்து ஒரு பங்கு தரச் சித்தமாக இருக்கிறேன்.